ஓசியில் கிடைக்கும் சிசி65: இந்த 6502 கம்பைலரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழைய கம்ப்யூட்டர்களுக்கு கேம் எழுதுகிறேன் என்று சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "அசெம்ப்ளியிலா?" என்றுதான். பிராசசரின் ஆணைகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் மொழி அது. இல்லை, பெரும்பாலும் சி மொழியில், அதை பிராசசரின் ஆணைகளாக மாற்றித் தரும் சிசி65 கம்பைலரை வைத்து என்று பதில் சொன்னதும் முகத்தில் லேசாக ஓர் இளக்காரம் வரும். "6502க்கு சி எல்லாம் சரிப்பட்டு வருமா? நொண்டியடிக்குமே!" பலருக்கும் வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் கோவையில் பம்ப் மோட்டார்களுக்கான கன்ட்ரோலர் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறவன். 8 பிட் சிப்தான் எனக்குச் சோறு போடுகிறது. பகலில் செய்கிற அதே வேலையை ராத்திரியிலும் எதற்குச் செய்கிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தத் தொழிலால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்தக் கம்பைலர் கைக்கு வந்தாலும் அதன் விளம்பரத்தைப் படிக்க மாட்டேன். ஒரு சின்ன புரோகிராமைக் கம்பைல் செய்து, மேப் ஃபைலைத் திறந்து, எத்தனை பைட் தின்றிருக்கிறது என்று பார்ப்பேன். சிசி65ஐயும் அப்படித்தான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 6502 என்பது எம்ஓஎஸ் டெக்னாலஜி 1975இல் வெளியிட்ட பிராசசர். ஆப்பிள் 2, அட்டாரி 800, கொமடோர் 64, பிபிசி மைக்ரோ, நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்று அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பலவற்றுக்குள்ளும் அதுவோ அதன் தம்பிகளோதான் உட்கார்ந்திருந்தன. நம்மூரில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்ற, கேசட் செருகும் பெட்டிகள் பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்கள். '9999 இன் 1' கேசட்டைச் செருகி, ஒரே நான்கைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் எல்லோரும் 6502ஓடு பழகியவர்களே.

இந்த வம்சத்துக்கான சி கம்பைலர்தான் சிசி65. அட்டாரி 8 பிட் கம்ப்யூட்டருக்காக ஜான் டன்னிங் எழுதிய ஒரு சிறிய கம்பைலரிலிருந்து கிளம்பியது. பிறகு உல்ரிச் ஃபான் பாசெவிட்ஸ் கையில் எடுத்து, அசெம்ப்ளர், துண்டுகளை ஒட்டி எது எந்த முகவரியில் என்று முடிவு செய்யும் லிங்கர், லைப்ரரி எல்லாம் சேர்த்து ஒரு முழுக் கருவிப்பெட்டியாக வளர்த்தார். இப்போது தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். காசு கிடையாது. நீங்கள் எழுதிய கேமைக் கேசட் போட்டு விற்றாலும் யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் ஜிப் ஃபைலைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டு, பாத் கொடுத்தால் தீர்ந்தது.

மெனு, பட்டன், கலர் கலரான ஜன்னல் எதுவும் வராது. டெர்மினலைத் திறந்து, இலக்கு மெஷினின் பெயரோடு ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே சி ஃபைலை கொமடோர் 64, விக் 20, அட்டாரி, ஆப்பிள் 2, நிண்டெண்டோ, அட்டாரி லிங்ஸ், பிசி எஞ்சின் என்று எதற்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். படிக்க ஆசையாக இருக்கும். இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஏன் என்று சொல்ல ஒரு நிஜ கேமை எடுத்துக்கொள்கிறேன். பாம்பு. பழம் தின்று நீளும், சுவரிலோ தன் வாலிலோ முட்டினால் சாகும், நோக்கியா போனில் எல்லோரும் ஆடிய அதே விளையாட்டு. முதலில் கொமடோர் 64க்கு எழுதினேன், பிறகு ஃபாமிகாமுக்கு மாற்றினேன். இரண்டும் 6502 குடும்பம், மொழி ஒன்று, கம்பைலரும் ஒன்று. இலக்கின் பெயரை மாற்றினால் முடிந்துவிட வேண்டுமே? முடியாது.

கொமடோர் 64இல் பாம்பு எழுதுவது சொகுசான வேலை. திரை என்பது 1024ஆம் முகவரியில் தொடங்கும் 1000 பைட். 40 பத்தி, 25 வரி. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டுமோ அந்த முகவரியில் போட்டால் திரையில் வந்துவிடும். 55296இல் தொடங்கும் இன்னொரு பகுதியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நிறம். பாம்பு எதிலாவது முட்டியதா என்று தெரிய வேண்டுமா? தலை போகப்போகும் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று திரையிலிருந்தே படித்துவிடலாம். 32 இருந்தால் வெற்றிடம், பழத்தின் எண் இருந்தால் தின்னலாம், வேறு எது இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. திரையே வரைபடம். தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. 64 கேபி ரேம் இருக்கும்போது எதற்குக் கவலை?

ஃபாமிகாமில் பிராசசருக்கு இருப்பது 2 கேபி ரேம். திரைக்கான நினைவகம் பிபியு என்ற பட சிப்பின் பக்கம் தனியாக இருக்கிறது. அதற்குள் நேரடியாகக் கை வைக்க முடியாது. முகவரியை ஒரு வாசலிலும் தகவலை இன்னொரு வாசலிலும் ஒவ்வொரு பைட்டாகத் தள்ள வேண்டும். அதுவும் டிவியில் படம் வரைந்துகொண்டிருக்கும்போது தள்ளினால் திரை கோணல்மாணலாகிவிடும். ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் எழுத வேண்டும். அந்த நேரத்தில் திரையிலிருந்து திரும்பப் படித்துக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது. ஆக, திரையே வரைபடம் என்ற வசதி போயிற்று.

சரி, ரேமில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளலாம் என்றால் கணக்குப் போடுங்கள். திரை 32 பத்தி, 30 வரி, மொத்தம் 960 கட்டம். இருக்கும் 2048 பைட்டில் முதல் 256 ஜீரோ பேஜ் (பிராசசர் வேகமாகத் தொடக்கூடிய பகுதி), அடுத்த 256 பிராசசரின் ஸ்டாக் (தற்காலிகமாக அடுக்கி வைக்கும் இடம்), ஸ்பிரைட் (பின்னணிக்கு மேல் தனியாக நகரும் படத்துண்டு) பட்டியலுக்கு இன்னொரு 256. மிச்சம் 1280. பாம்பின் உடல் எங்கெங்கே இருக்கிறது என்று நினைவு வைக்க, குறுக்கு நெடுக்காக 256 பைட் வீதம் இரண்டு அரே. மிச்சம் 768. அதற்குள் 960 பைட் வரைபடம் எப்படிப் போகும்?

கட்டத்துக்கு ஒரு பைட் என்பதைக் கட்டத்துக்கு ஒரு பிட் என்று சுருக்கினால் வரிக்கு 4 பைட், 30 வரிக்கு 120 பைட். காலியா, காலியில்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். பழம் இருக்கும் இடம் தனியாக இரண்டு பைட்டில் இருக்கிறது. எட்டுப் பிட்டில் எந்தப் பிட் என்று எடுக்க 6502இல் ஷிஃப்ட் செய்து ஷிஃப்ட் செய்து போனால் நேரம் வீணாகும். 1, 2, 4, 8 என்று 128 வரை ஓர் எட்டு பைட் அட்டவணையை ரோமில் வைத்துவிட்டால் ஒரே படியில் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் கம்பைலர் செய்தது என்ன? ஒன்றுமில்லை. இந்த மாற்றம் முழுக்க ஆள் உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டியது. சிசி65 கேமை மாற்றித் தராது. மாற்றியதை மறுபடி அசெம்ப்ளியில் எழுதும் கொடுமையிலிருந்து காப்பாற்றும். பாம்பு நகரும் விதி, பழம் முளைக்கும் விதி, மதிப்பெண், வேகம் கூடும் கணக்கு இதெல்லாம் ஒரு வரிகூட மாறாமல் அப்படியே வந்தன. திரையைத் தொடும் ஃபங்ஷன்கள் மட்டும் முற்றிலும் வேறு. இப்படி முதலிலேயே இரண்டு கூறாகப் பிரித்து எழுதுகிறவர்களுக்கு சிசி65 தங்கம்.

நிறங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாற்றும் வேலையில் அதிகம் சிக்கவைப்பது இதுதான். ஃபாமிகாமின் பின்னணியில் கட்டத்துக்கு ஒரு நிறம் என்பதே கிடையாது. 16க்கு 16 பிக்சல், அதாவது நான்கு கட்டம் சேர்ந்த ஒரு சதுரத்துக்கு ஒரே பேலட் (நிறத் தொகுப்பு). பச்சைப் பாம்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பழம் வந்தால், ஒன்று பாம்பின் ஒரு துண்டு சிவக்கும், அல்லது பழம் பச்சையாகிவிடும். ஒரு பேலட்டில் பொது நிறம் போக மூன்று நிறம் உண்டு என்பதால் பச்சையையும் சிவப்பையும் ஒரே பேலட்டில் அடக்கி ஒப்பேற்றலாம். அதைவிட நல்ல வழி, பழத்தைப் பின்னணியில் வரையாமல் ஸ்பிரைட்டாக வைத்துவிடுவது. ஸ்பிரைட்டுகளுக்குப் பேலட் தனி, 64 ஸ்பிரைட் இருக்கின்றன, நமக்கு ஒன்று போதும். கூடவே பழம் கொஞ்சம் துள்ளுவது போல ஆட்டியும் விடலாம். கொமடோர் பதிப்பைவிட இது அழகாக இருந்தது.

இனி சிசி65இன் நிண்டெண்டோ பக்கத்தில் ஒரு குழி. கம்பைலரோடு வரும் லிங்கர் அமைப்பு ஃபைலில், வேரியபிள்கள் எல்லாம் பதினாறடிமானத்தில் 6000 என்ற முகவரியில் தொடங்கும் 8 கேபி ரேமில் போய் உட்காரும்படி எழுதியிருக்கிறார்கள். அந்த ரேம் பெட்டிக்குள் இல்லை. கேசட்டுக்குள் இருக்க வேண்டியது. 32 கேபி புரோகிராம் ரோமும் 8 கேபி பட ரோமும் மட்டும் உள்ள எளிய கேசட்டில் அது கிடையவே கிடையாது. எமுலேட்டர் (பழைய மெஷினைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர்) தாராள மனசோடு அங்கே ரேம் கொடுத்துவிட்டால் எல்லாம் நன்றாக ஓடும், நிஜக் கேசட்டில் ஏற்றினால் கறுப்புத் திரை. அமைப்பு ஃபைலில் இது குறிப்பாக எழுதியும் இருக்கிறது, ஆனால் யார் அதைத் திறந்து படிக்கிறார்கள்? எடுத்தவுடன் அந்த ஃபைலின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, ரேமை 2 கேபிக்குள் சுருக்கிவிடுங்கள். சிசி65இல் உருப்படியாக ஏதாவது செய்ய நினைப்பவர் லிங்கர் ஃபைல் எழுதக் கற்றுத்தான் ஆக வேண்டும். பயப்படாதீர்கள், நான்கைந்து வரிதான், பார்த்தாலே புரியும். ரோம் நிரம்பிவிட்டால் எந்தப் பகுதி எத்தனை பைட் வழிகிறது என்று லிங்கரே சொல்லிவிடும். ஆபீசில் நான் காசு கொடுத்து வாங்கிய சில கருவிகள் இந்த அளவுக்கு மரியாதையாகப் பேசுவதில்லை.

கூடவே வரும் நிண்டெண்டோ லைப்ரரி திரையில் எழுத்துப் போடுவதற்குச் சரி, கேமுக்குப் போதாது. ஷிரு என்பவர் எழுதிய நெஸ்லிப் என்ற தனி லைப்ரரியை எல்லோரும் சேர்த்துக்கொள்கிறார்கள், நானும்தான். ஃபிரேம் இடைவெளியில் எழுத வேண்டியதை வரிசையில் வைத்துவிட்டால் அதுவே நேரம் பார்த்துத் தள்ளிவிடும். பாம்புக்கு ஒவ்வோர் அடிக்கும் இரண்டே கட்டம்தான் மாறும்: தலையில் ஒன்று சேரும், வாலில் ஒன்று அழியும். உடம்பு எவ்வளவு நீண்டாலும் அதே இரண்டு. இந்த மெஷினுக்காகவே பிறந்த விளையாட்டு என்று தோன்றும்.

இப்போது நொண்டியடிக்கும் விஷயம். ஆமாம், சிசி65 கண்மூடித்தனமாக எழுதிய சி நிரலுக்கு நொண்டி அசெம்ப்ளிதான் தரும். காரணம் கம்பைலரின் சோம்பல் மட்டுமில்லை. 6502இல் இருப்பது மூன்று 8 பிட் ரெஜிஸ்டர், 256 பைட் ஸ்டாக். சி மொழியோ லோக்கல் வேரியபிளை எல்லாம் ஸ்டாக்கில் வைக்க ஆசைப்படும். அதனால் சிசி65 சாஃப்ட்வேரிலேயே இன்னொரு ஸ்டாக்கை உருட்டுகிறது. ஒவ்வொரு லோக்கல் வேரியபிளையும் தொட ஒரு பாயிண்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஓர் உதாரணம் போதும். பாம்பின் ஒவ்வொரு கணுவையும் குறுக்கு, நெடுக்கு என இரண்டு உறுப்புள்ள ஸ்ட்ரக்ட் ஆக்கி, அந்த ஸ்ட்ரக்டுகளுக்கு ஓர் அரே வைப்பதுதான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறை. இன்டெக்ஸ் லோக்கல் இன்ட். அப்படி எழுதி, கம்பைலர் துப்பும் அசெம்ப்ளி ஃபைலைத் திறந்து பாருங்கள். இன்டெக்ஸின் இரண்டு பைட்டையும் ஸ்டாக்கிலிருந்து எடுக்கும், இரண்டால் பெருக்கும், அரேயின் முகவரியைக் கூட்டும், பாயிண்டரில் போடும், அப்புறம்தான் மதிப்பையே எடுக்கும். இதையே குறுக்குக்கு ஓர் அரே, நெடுக்குக்கு ஓர் அரே என்று பிரித்து, இன்டெக்ஸை குளோபல் அன்சைன்ட் கேரக்டர் ஆக்கிவிடுங்கள். இப்போது மொத்தமே மூன்று ஆணை: இன்டெக்ஸை ஒய் ரெஜிஸ்டரில் ஏற்று, அரேயிலிருந்து எடு, சேர வேண்டிய இடத்தில் வை. 12 சைக்கிள், அதாவது பிராசசரின் 12 கடிகாரத் துடிப்பு. கையால் அசெம்ப்ளி எழுதினாலும் இதைத்தான் எழுதியிருப்பீர்கள்! போதாக்குறைக்கு இன்டெக்ஸ் 255க்கு அப்புறம் தானாகவே 0க்குத் திரும்பிவிடும் என்பதால், 256 கணு உள்ள பாம்பின் தலையும் வாலும் அரேயில் சுற்றிச் சுற்றி வர ஒரு சரிபார்ப்பும் தேவையில்லை.

சிசி65ஐத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விதமாக எழுதிவிட்டுத் திட்டுகிறவர்கள். கை வைத்ததும் இன்ட் என்று எழுதுகிற பழக்கத்தை விட்டு அன்சைன்ட் கேரக்டருக்கு மாறுவது, லோக்கல் வேரியபிள்களை ஸ்டாட்டிக் ஆக்கும் ஆப்ஷனைப் போடுவது, அடிக்கடி தொடும் நான்கைந்து வேரியபிளை ஜீரோ பேஜுக்கு நகர்த்துவது, பெருக்கல் வரும் இடங்களில் அட்டவணை வைப்பது. இவ்வளவு செய்தால் பாம்பு மாதிரி கேமுக்கு அசெம்ப்ளியே வேண்டாம். நூற்றுக்கணக்கில் குண்டு பறக்கும் கேம் என்றால் திரும்பத் திரும்ப ஓடும் அந்த உள்வட்டத்தை மட்டும் அசெம்ப்ளியில் எழுதுங்கள். அதற்கும் வசதி பிரமாதம். சிஏ65 என்ற அசெம்ப்ளர் இந்தப் பெட்டியிலேயே வருகிறது. சி பக்கமே எட்டிப் பார்க்காமல் இந்த அசெம்ப்ளரையும் லிங்கரையும் மட்டும் வைத்து நிண்டெண்டோ கேம் எழுதும் ஆட்கள் உலகம் முழுக்க ஏராளம்.

தசமப் புள்ளி வைத்த எண்கள், அதாவது ஃப்ளோட், அறவே கிடையாது. 6502க்கு யாராவது கேட்டால்தான் ஆச்சரியம். மதிப்பெண் காட்டுவதில் ஒரு குறிப்பு: 6502இல் பிசிடி முறையில், அதாவது எண்ணைத் தசம இலக்கங்களாகவே வைத்துக் கூட்டும் வசதி உண்டு, கொமடோர் ஆட்கள் மதிப்பெண்ணுக்கு அதைத்தான் பயன்படுத்துவார்கள். ஃபாமிகாமில் உள்ள, ரிக்கோ கம்பெனி செய்த 6502 வகை சிப்பில் அந்த வசதி வேலை செய்யாது. பத்தால் வகுத்து வகுத்து இலக்கம் எடுப்பதும் மெதுவான வேலை. மதிப்பெண்ணையே இலக்கத்துக்கு ஒரு பைட்டாக வைத்து, 9 தாண்டினால் அடுத்ததில் ஒன்று கூட்டிவிட்டால் இரண்டு மெஷினிலும் ஒரே நிரல் ஓடும்.

நம்மூர்ப் பெட்டி வைத்திருப்பவர்கள் அடுத்த பத்தியை நிதானமாகப் படிக்கவும், இது வெளிநாட்டுப் பாடங்களில் ஓரமாகத்தான் வரும். ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகள் நொடிக்கு 60 ஃபிரேம். ஐரோப்பிய நிண்டெண்டோ 50. நமது டிவியும் பால் (PAL) முறை, 50. ஆனால் பால் டிவிக்கென்று செய்த நகல் பெட்டிகள் ஐரோப்பிய நிண்டெண்டோவைப் போல நடப்பதில்லை. ரஷ்யாவில் இவை டெண்டி என்ற பெயரில் விற்றதால் எமுலேட்டர்களில் இந்த முறைக்கே டெண்டி என்று பெயர் வந்துவிட்டது. ஐரோப்பியப் பெட்டியில் ஃபிரேம் இடைவெளி 70 வரி நீளம் (இங்கே வரி என்பது டிவி ஒரு கோடு வரையும் நேரம்), தாராளமாக எழுதலாம். டெண்டி முறையில் மொத்தம் அதே 312 வரி இருந்தாலும், படம் முடிந்து 51 வரி சும்மா ஓடிய பிறகுதான் இடைவெளி வந்துவிட்டது என்ற சிக்னல் கிடைக்கும். அதன் பிறகு மிஞ்சுவது 20 வரி, அமெரிக்கப் பெட்டியில் இருக்கும் அதே 20. சுமார் 2270 சைக்கிள், அதில் ஸ்பிரைட் பட்டியலை நகர்த்த 513 போய்விடும். ஜப்பானிய கேம்கள் கெடாமல் ஓட வேண்டும் என்பதற்காக நகல் சிப் செய்தவர்கள் போட்ட கணக்கு இது. என் பெட்டியும் இந்த ரகம்தான். ஆக, எமுலேட்டரில் பால் என்று வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். மெசென் எமுலேட்டரில் டெண்டி என்ற தேர்வே இருக்கிறது, அதில் ஓட்டிப் பாருங்கள். சிசி65 தரும் டீபக் ஃபைலையும் மெசென் படித்துக்கொள்ளும். சி நிரலின் எந்த வரியில் நிற்கிறோம் என்று காட்டும். 40 வருஷத்துப் பழைய மெஷினுக்கு இவ்வளவு வசதி!

வேகத்துக்கும் இதே கதைதான். ஃபிரேம் எண்ணி நகரும் பாம்பு 60இல் ஓடுவதற்கும் 50இல் ஓடுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் தெரியும். நெஸ்லிப்பில் எப்போதும் 50 என்று பாவித்துக் காத்திருக்கும் ஒரு ஃபங்ஷனும், டிவியின் நிஜ ஃபிரேமுக்குக் காத்திருக்கும் இன்னொன்றும் இருக்கின்றன. பெயர்கள் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், பார்த்து எடுங்கள்.

அக்கா மகனிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "மாமா, நான் அமுக்கினேன், அதுதான் திரும்பல" என்றான். பாம்பு அடி எடுத்து வைக்கும் சமயத்தில் மட்டும் பட்டனைப் படித்தால் இப்படித்தான் ஆகும். நடுவில் அமுக்கி விட்டால் தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் படித்து, கடைசியாக அமுக்கிய திசையை நினைவில் வைத்துவிட்டால் சரி. சிசி65இன் ஜாய்ஸ்டிக் லைப்ரரி இதில் உதவியாக இருக்கும். கொமடோரில் ஒரு விதமாகவும் நிண்டெண்டோவில் வேறு விதமாகவும் வரும் பிட்களை மறைத்து, மேல், கீழ், இடம், வலம் என்று ஒரே மாதிரி தந்துவிடும். நெஸ்லிப்பிலும் தனி வழி இருக்கிறது, எது பிடித்தாலும் சரி.

கேசட் பற்றியும் கேட்பார்கள். நம்மூர்க் கேசட்டுகளைப் பிரித்தால் உள்ளே ஐசி இருக்காது, கறுப்புப் பசைப் பொட்டுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு நம்முடையதைப் போடும் பேச்சுக்கே இடமில்லை. ஐசி கால்களோடு இருக்கும் பழைய போர்டு கிடைத்தால் யோகம். இல்லையென்றால் வெற்று போர்டு வாங்கி 32 கேபிக்கு ஒரு ஈப்ராம் (நாமே எழுதக்கூடிய ரோம் சிப்), 8 கேபிக்கு ஒரு ஈப்ராம் எழுதி வைக்க வேண்டியதுதான். சிப்கள் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அகப்படும். 60 பின் ஃபாமிகாம் போர்டு என்று பார்த்து வாங்குங்கள், 72 பின் அமெரிக்க வகை நம் பெட்டியில் நுழையாது. நான் ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய போர்டில் ஒரு தடம் அறுந்தே வந்தது, எழுதிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. மீட்டர் வைத்துத் தடம் தடமாகப் பார்த்துவிட்டு அப்புறம் சால்டரிங் அயர்னைத் தொடுங்கள். ஃபாமிகாமிலும் அதன் நகல்களிலும், அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்கும் பூட்டு சிப் இல்லை என்பதால் அந்தத் தொல்லை மட்டும் கிடையாது.

மற்ற மெஷின்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அட்டாரி லிங்ஸுக்கு மாற்றியது சுலபம். 1989இல் வந்த, கையில் வைத்து ஆடும் கேம் மெஷின் அது, 160க்கு 102 பிக்சல், 64 கேபி ரேம். சிசி65இன் கிராஃபிக்ஸ் லைப்ரரியே போதும், கோடும் கட்டமும் வரைந்தால் பாம்பு வந்துவிடும். விக் 20தான் கடுப்பு. மெமரி கூட்டாத மெஷினில் பேசிக்குக் கிடைப்பதே 3583 பைட். அதில் பிரின்ட்எஃப் என்ற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலே பெரும்பங்கு போய்விடும். அங்கே சி எழுதலாம், ஆனால் லைப்ரரியின் முகத்தில் விழிக்கக் கூடாது. ஒரே கேமை டஜன் கணக்கான மெஷின்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற வெறி உள்ளவர்கள் ஃபாப்ரிசியோ கரூசோவின் கிராஸ்லிப்பைப் பார்க்கலாம். அதில் பாம்பும் இருக்கிறது. எல்லா மெஷினுக்கும் பொதுவான அளவுக்குத்தான் அதில் செய்ய முடியும் என்பதால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. துள்ளும் பழம் வேண்டுமே!

ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் வறட்சி. எது எங்கே என்று துல்லியமாக இருக்கும், எப்படி ஆரம்பிப்பது என்று இருக்காது. வேகமான நிரல் எழுதுவதற்கான குறிப்புகள் ஒரு பக்கம் இருக்கிறது, அதை மட்டும் பிரிண்ட் எடுத்து மேஜையில் வையுங்கள். நிண்டெண்டோவுக்கு டக் ஃப்ரேக்கர் எழுதிய பாடங்கள் அருமை, படிப்படியாகச் சொல்லித்தருவார்.

போட்டியாளர்கள் உண்டு. எல்எல்விஎம்-மாஸ் என்ற புதிய கம்பைலர் இதே சி நிரலுக்கு நல்ல வேகமான அசெம்ப்ளி தருகிறது, சி++ கூட எழுதலாம். இன்று புதிதாகத் தொடங்குகிறவர், சி நன்றாகத் தெரிந்தவர், நிண்டெண்டோவோ கொமடோரோ மட்டும் போதும் என்கிறவர் என்றால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கொமடோர் 64 மட்டும் என்றால் ஆஸ்கார்64 இருக்கிறது. இசட்80 என்ற வேறு பிராசசர் உள்ள மெஷின்களுக்கு, ஸ்பெக்ட்ரம், எம்எஸ்எக்ஸ், செகா மாஸ்டர் சிஸ்டம் பக்கம் போகிறவர்களுக்கு, சிசி65 ஒரு பிரயோஜனமும் இல்லை, இசட்88டிகே போங்கள்.

பிறகு நான் ஏன் இன்னும் சிசி65இல் இருக்கிறேன்? அது எதையும் மறைப்பதில்லை. நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே என்ன அசெம்ப்ளி வந்தது என்று, என் சி வரிகளையே குறிப்பாகச் சேர்த்து, படிக்கிற மாதிரி தருகிறது. புத்திசாலித்தனமான கம்பைலர்கள் நிரலைப் புரட்டிப் போட்டு அடையாளம் தெரியாமல் செய்துவிடும். வேகம் இருக்கும், எது எங்கே போனது என்று தெரியாது. 2 கேபிக்குள் வாழும்போது எனக்கு அது ஒத்துவரவில்லை. கிடைக்கும் மெஷின்களின் பட்டியல் நீளம் இரண்டாவது காரணம், பல வருஷப் பழக்கத்தால் நெட்டில் எந்தச் சந்தேகத்துக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருப்பது மூன்றாவது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த நிண்டெண்டோ லிங்கர் ஃபைலுக்காக. டவுன்லோட் செய்யும்போது பழைய வெளியீட்டை எடுக்காமல், அவ்வப்போது புதுப்பித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுங்கள். ஆப்டிமைசேஷன் ஆப்ஷன் தானாக வராது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் கம்பைல் செய்துவிட்டு மெதுவாக ஓடுகிறது என்று எனக்கு எழுத வேண்டாம்.